வாடகைக் கப்பலும் வாடகைக் கணக்கும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தையொட்டிய செங்கம் சாலையில் மார்கழி மாதத்துக் காலை வேளையில் நடந்து செல்வோர், தங்கும் விடுதிகளும் சிற்றுண்டிச் சாலைகளும் புஸ்தகக் கடைகளும் நெருங்கி நிற்பதைக் காணலாம். முன்னாளில் கல்லாப்பெட்டியின் அருகே தவறாது கிடந்த சிவப்பு அட்டைப் பேரேடு இப்பொழுது அங்கே அரிதாகிவிட்டது. அதனிடத்தில் ஒரு கைப்பேசியோ சிறு கணிப்பொறியோ இருக்கிறது. இது காலத்தின் போக்கு, இதில் வியப்பதற்கொன்றுமில்லை. ஆனால் பேரேடு அந்தக் கணிப்பொறிக்குள் இருக்கிறதா என்று விசாரித்தால், பல இடங்களில் இல்லையென்றே விடை வரும். அது மும்பையிலோ, சிங்கப்பூரிலோ, அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்திலோ ஒரு யந்திரசாலையில் இருக்கிறது. கடைக்காரர் வசமுள்ளது அதைத் திறந்து பார்க்கும் அனுமதியே. அவ்வனுமதியும் மாதந்தோறும் செலுத்தும் வாடகையினால் உயிர்த்திருப்பது.

இவ்வாடகை முறையைப் பற்றி நமது வாசகர்களுடன் சிறிது ஆலோசிக்க விரும்புகிறோம். இது கணிப்பொறி கற்றவர்களின் காரியமென்று அரசியல் ஊழியர்கள் ஒதுக்கிவிடலாகாது. ஒரு தேசத்தின் வியாபாரக் கணக்கு யார் வசமிருக்கிறது என்பது கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே ராஜீய விஷயமாக இருந்துவந்திருக்கிறது.

வாடகை முறையின் சௌகரியம்

பெங்களூரில் 1986-ஆம் வருஷம் தொடங்கிய டாலி என்னும் கணக்கு மென்பொருளை நமது வியாபாரிகள் அனைவரும் அறிவார்கள். அதை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிக் கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டால், மென்பொருளும் கணக்கும் கடையிலேயே இருக்கும். நிலத்தைக் கிரயத்துக்கு வாங்குவது போன்றது அது. பின்னர் வந்த முறை வேறு. 1999-இல் அமெரிக்காவில் தோன்றிய ஸேல்ஸ்போர்ஸ் போன்ற கம்பெனிகள், மென்பொருளை விற்காமல், இணையத்தின் வழியே சேவையாக அளித்து வாடகை வாங்கத் தொடங்கின. இதைத் தொழில்காரர்கள் ‘சாஸ்’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 2013-இல் அடோபி கம்பெனி தனது சித்திர மென்பொருள்களின் புதிய பதிப்புகளைக் கிரயத்துக்குக் கொடுப்பதை நிறுத்தி, இனி வாடகைக்கே என்று அறிவித்தது. அதன்பின் இவ்வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது.

இம்முறையினால் விளைந்த நன்மைகளை மறைப்பது நியாயமாகாது. ஆசிரமத்துக்கருகே பன்னிரண்டு அறைகளுள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். அதன் சொந்தக்காரருக்குக் கணிப்பொறி நிபுணரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. ஆயினும் கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் அறை கேட்போர் பல தேசங்களிலிருந்து, பல வலைத்தளங்களின் வழியே, ஒரே சமயத்தில் வருகிறார்கள். ஒரு தளத்தில் அறை போனவுடன் மற்றவற்றிலும் அது குறையவேண்டும். இல்லாவிடில் ஓர் அறைக்கு இருவர் மூட்டையுடன் வாசலில் நிற்பார்கள். அந்நிய தேசத்து விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் சர்க்காருக்குப் படிவம் அனுப்பவேண்டும். 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளின் ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இத்தகைய மாறுதல் வரும்போது, வாடகை மென்பொருளில் கம்பெனிக்காரர் ஓரிடத்தில் திருத்தினால், ஆயிரக்கணக்கான விடுதிகளின் ரசீதுகள் அன்றைக்கே திருந்திவிடும். பெரிய ஹோட்டல்களுக்கு மட்டுமே வாய்த்திருந்த கருவி, சிறு வியாபாரியின் கைக்கும் எட்டியிருக்கிறது. இது லாபமே.

கணக்கை வீட்டிலேயே பூட்டி வைத்திருந்தால் பயமில்லையென்று சொல்வோரும் உண்டு. 2024-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி, புயல் மழையினால் இதே அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் மாண்டதை இவ்வூரார் மறக்கமாட்டார்கள். உயிருக்கே உத்தரவாதமில்லாத வேளையில் அலமாரியிலுள்ள பேரேட்டுக்கு என்ன உத்தரவாதம்? தூரத்து யந்திரசாலையில் ஒரு பிரதி இருப்பது ஆபத்தில் உதவும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆகையால் வாடகை மென்பொருளை வேண்டாமென்று தள்ளுவது நமது நோக்கமன்று.

வாடினாரில் நடந்தது

நோக்கம் யாதென்பதை, குஜராத் மாகாணத்தில் வாடினார் என்னுமிடத்தில் பெரியதோர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பெனிக்கு நேர்ந்த சம்பவம் விளக்கும். வருஷத்துக்கு 2 கோடி டன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அது. அக்கம்பெனியில் ஏறக்குறைய பாதிப் பங்கு ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் கம்பெனிக்குச் சொந்தம். 2025 ஜூலை 18-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவின்மீது விதித்த புதிய தடைகளில் நயாராவின் பெயரும் சேர்ந்தது. நான்கு நாள் கழித்து, ஜூலை 22-ஆம் தேதி, அமெரிக்கக் கம்பெனியாகிய மைக்ரோஸாப்ட் தனது சேவையை நயாராவுக்கு நிறுத்திவிட்டது. மின்னஞ்சல் ஓடவில்லை, ஊழியர்கள் ஒருவரோடொருவர் பேசிவந்த வழியும் அடைபட்டது. இந்தியாவில் பதிவான கம்பெனி, இந்தியச் சட்டப்படி பணம் செலுத்தி வாங்கிய சேவை அது. இந்தியச் சட்டமோ அமெரிக்கச் சட்டமோ இதைக் கோரவில்லை என்று நயாரா வாதித்து, 28-ஆம் தேதி தில்லி ஹைகோர்ட்டை அடைந்தது. 30-ஆம் தேதி சேவை மீண்டது.

எட்டு நாளில் மீண்டுவிட்டதே என்று ஆறுதலடைவோர், அதை நாடிப் போனவர் யாரென்பதையும் பார்க்கவேண்டும். கோடிக்கணக்கில் வரவு செலவு செய்யும் கம்பெனி அது; தலைநகரில் பெரிய வக்கீல்களை அமர்த்தும் சக்தி அதற்குண்டு. செங்கம் சாலையிலுள்ள விடுதிக்காரருக்கு, சேவை நின்றால் யாரிடம் முறையிடுவதென்பதே தெரியாது. ஒப்பந்தத்தில் உள்ள நியாயஸ்தலம் கலிபோர்னியாவிலிருக்கலாம், அயர்லாந்திலிருக்கலாம். தீபத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கணக்கு முடங்கினால், எட்டு நாளில் வரும் நீதி அவருக்கு அவ்வருஷத்துக்கு உதவாது.

இது நயாராவுக்கு மட்டும் நேர்ந்த அபூர்வமென்று எண்ணலாகாது. 2019 அக்டோபரில், அமெரிக்க ஜனாதிபதியின் உத்தரவைக் காட்டி, வெனிஸுவேலா தேசத்திலுள்ள வாடிக்கைக்காரர் அனைவரின் கணக்கையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. பின்னர் அனுமதி பெற்று அம்முடிவை மாற்றிக்கொண்டது. ராஜீயக் காரணமேயின்றித் தவறினால் நின்றுபோவதும் உண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரௌட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளில் பிழையுள்ள ஒரு திருத்தம் அனுப்பப்பட்டு, உலகில் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின. நமது விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுக்க நேர்ந்தது. 2025 அக்டோபர் 20-ஆம் தேதி வர்ஜீனியாவில் அமேஸான் யந்திரசாலைகளில் நேர்ந்த கோளாறினால், அவற்றை நம்பியிருந்த எத்தனையோ சேவைகள் உலகெங்கும் தடைப்பட்டன.

தூத்துக்குடியின் பாடம்

இந்நிலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஸ்வதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவியபோது, முதலில் அதற்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் வாங்கிக் கொழும்புக்கு ஓட்டினார்கள். ஜனங்கள் ஆதரித்தார்கள், வியாபாரம் வளர்ந்தது. அது கண்டு பொறாத ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி, வாடகைக்குக் கொடுத்தவரை நெருக்கியது. வாடகைக் கப்பல் திரும்பப் பெறப்பட்டது. சரக்கும் இருந்தது, பிரயாணிகளும் இருந்தார்கள், பணமும் இருந்தது. கப்பல் மட்டும் பிறர் சொத்தாயிருந்தபடியால், மூன்றாம் ஒருவரின் ஒரு வார்த்தையில் காரியம் நின்றது. சிதம்பரம் பிள்ளை இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்திச் சமாளித்தார். ஆனால் பாடத்தை மறக்கவில்லை. ஊரூராகச் சென்று பங்கு சேர்த்து, காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களைக் கிரயத்துக்கே வாங்கிவந்தார்.

எதிர்க் கம்பெனி செய்த மற்றொரு தந்திரமும் நினைக்கத்தக்கது. அது கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, பிரயாணிகளுக்குக் குடையும் கொடுத்ததென்பர். 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதியானார். 1911-இல் ஸ்வதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அதன் பிறகு கொழும்புப் பிரயாணிகளுக்கு யாரும் குடை கொடுக்கவில்லை. முதல் வருஷம் இலவசம், கணக்கை மாற்றித் தருவது இலவசம், கற்பிப்பது இலவசம் என்று வரும் விளம்பரங்களைக் காணும்போது, நமது வியாபாரிகளுக்கு அந்தக் குடையின் ஞாபகம் வரவேண்டும். இலவசத்தை ஏற்பதில் குற்றமில்லை. மூன்றாம் வருஷத்து வாடகை என்ன, அது பிடிக்காவிடில் வெளியேறும் வழி என்ன என்று கேளாமல் ஏற்பதே குற்றம்.

ஸ்வதேசி என்ற பெயர் போதுமா?

இவ்விஷயத்தில் தமிழ்நாடு கைகட்டி நிற்கவில்லை என்பது பெருமைக்குரியது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-இல் ஸோஹோ எனப் பெயர் மாறிய கம்பெனி, கணக்கு, மின்னஞ்சல், ஊழியர் சம்பளம் முதலிய எத்தனையோ காரியங்களுக்கு மென்பொருள் செய்து உலகெங்கும் வாடகைக்கு விடுகிறது. தென்காசிக்கருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் அதன் காரியாலயம் ஒன்று நடக்கிறது. 2010-இல் சென்னையில் தோன்றிய பிரஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர் 22-ஆம் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறி, நூறு கோடி டாலருக்கு மேல் மூலதனம் திரட்டியது. நயாரா விவகாரத்துக்குப் பின்னர், 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்திய மந்திரிகள் சிலர் ஸோஹோவுக்கு மாறுவதாகப் பகிரங்கமாக அறிவித்தனர். மத்திய சர்க்கார் ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அக்கம்பெனியின் சேவைக்கு மாறிவிட்டதென்ற செய்தியும் அப்பொழுது வெளியாயிற்று.

ஸ்வதேசி ஆர்வத்தை நாம் மனமார வரவேற்கிறோம். நமது தேசத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, நமது தேசத்து யந்திரசாலையில் கணக்கை வைத்து, நமது நியாயஸ்தலத்தில் பதில் சொல்லக்கூடிய கம்பெனி, அந்நியக் கம்பெனியைவிட இவ்வொரு விஷயத்திலாவது மேலானது. ஆனால் ஸ்வதேசி என்ற முத்திரையைக் கண்டவுடன் விசாரணையை நிறுத்திவிடுவது பேதைமை. சென்னையில் பிறந்த பிரஷ்வொர்க்ஸின் தலைமைக் காரியாலயம் கலிபோர்னியாவில் இருக்கிறது. அதன் பங்கு அமெரிக்கச் சந்தையில் விலைபோகிறது. ஆகவே அமெரிக்கச் சட்டத்துக்கு அது கட்டுப்பட்டே தீரவேண்டும். பிறந்த ஊர் வேறு, கட்டுப்படும் சட்டம் வேறு. முழுவதும் இந்தியக் கம்பெனியாயினும், வீட்டுக்காரர் வீட்டுக்காரரே. நாளை வாடகையை இருமடங்காக்கலாம், கம்பெனியை வேறொருவருக்கு விற்கலாம், நொடித்துப்போகலாம். குடியிருப்போரைச் சாமானுடன் வெளியேற விடும் வீட்டுக்காரர் நல்லவர். சாமானை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுபவர், நமது சாதியாரேயாயினும், நல்லவராகார்.

சட்டத்திலுள்ள குறை

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: வாடகை நின்றாலும் கணக்கு என்னுடையதுதானா? நமது சட்டங்களை இக்கேள்வியுடன் பார்த்தால் ஒரு விநோதம் வெளிப்படுகிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, வருஷாந்தர அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரையில் வியாபாரி தமது கணக்கைப் பாதுகாத்து வைத்திருக்கவேண்டும். அதிகாரி வந்து கேட்கும்போது, ‘மென்பொருள் வாடகையை நிறுத்திவிட்டேன், கணக்கு போய்விட்டது’ என்று சொன்னால் அபராதம் வியாபாரிக்குத்தான். கணக்கைக் காக்கும் கடமையை அவர்மேல் சுமத்திய சட்டம், கணக்கைத் திருப்பிக்கொடுக்கும் கடமையை மென்பொருள்காரர்மேல் சுமத்தவில்லை.

கம்பெனிகளுக்கு 2022 ஆகஸ்டில் திருத்திய விதியொன்று உண்டு. மின்னணு வடிவிலுள்ள கணக்கு எக்காலமும் இந்தியாவில் பார்க்கத்தக்கதாக இருக்கவேண்டும். அதன் பிரதியை நாள்தோறும் இந்தியாவிலுள்ள யந்திரத்தில் சேமிக்கவேண்டும் என்பது அது. மிக நல்ல விதி. ஆனால் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகாத தனி வியாபாரிகளுக்கும் கூட்டு வியாபாரங்களுக்கும் அது பொருந்தாது. நமது கடைவீதிகளில் நிரம்பியிருப்போரோ அவர்களே. 2023-ஆம் வருஷத்து தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதரின் சொந்த விவரங்களைக் காப்பதற்கு ஏற்பட்டது. வியாபாரியின் பேரேட்டை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையைப் பற்றி அதில் விதியில்லை.

இவ்வுரிமையைச் சட்டமாக்கியவர் யாரென்று பார்த்தால் வியப்புண்டாகும். எந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையினால் நயாராவுக்கு இடர் நேர்ந்ததோ, அதே ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. வாடிக்கைக்காரர் ஒரு சேவையை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பினால், இரண்டு மாதத்துக்கு மேற்படாத முன்னறிவிப்பின்பேரில் தமது கணக்குடன் போகலாமென்று அது சொல்கிறது. 2027 ஜனவரி 12-ஆம் தேதி முதல், அவ்வாறு போவதற்குக் கட்டணமே வசூலிக்கலாகாதென்றும் விதிக்கிறது. தங்கள் வியாபாரிகளை அமெரிக்கக் கம்பெனிகளின் பிடியினின்று காக்க ஐரோப்பியர் செய்துகொண்ட ஏற்பாடு இது. பிறர் தமக்குச் செய்துகொண்ட நன்மையை நாம் நமக்குச் செய்துகொள்வதில் வெட்கமில்லை.

செய்யவேண்டியவை

மத்திய சர்க்கார் செய்யவேண்டியது ஒரு சிறு சட்டம். இந்தியாவில் வியாபாரிகளுக்கு மென்பொருளை வாடகைக்கு விடும் எவரும், அந்நியராயினும் ஸ்வதேசியாயினும், கணக்கு முழுவதையும் பிற மென்பொருள்கள் படிக்கக்கூடிய வடிவத்தில், கேட்டபோது இலவசமாகக் கொடுக்கவேண்டும். வாடகை நின்ற பிறகும் ஒரு குறித்த காலம்வரை அக்கணக்கைப் பார்க்க விடவேண்டும். முன்னறிவிப்பின்றிச் சேவையை நிறுத்தலாகாது. வழக்கு நேர்ந்தால் வியாபாரியின் ஜில்லா நியாயஸ்தலத்தில் பதில் சொல்லவேண்டும். இந்நான்கு ஷரத்துகள் போதும். சர்க்கார் தமது சொந்தக் காரியாலயங்களுக்கு மென்பொருள் வாங்கும்போது இவற்றை முதலில் தாமே எழுதிக்கொள்வார்களாயின், கம்பெனிகள் தாமாகவே எல்லோருக்கும் அவற்றைப் பழக்கமாக்கிவிடும்.

வணிகர் சங்கங்களுக்கும் ஒரு வேலையுண்டு. தனித்த வியாபாரி ஒருவர் ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னால் கம்பெனிக்காரர் சிரிப்பார். ஜில்லா சங்கமொன்று ஆயிரம் அங்கத்தினர் சார்பில் கேட்டால் உட்கார்ந்து பேசுவார். வருஷந்தோறும் மகாநாடு கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றும் சங்கங்கள், அடுத்த மகாநாட்டில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்துப் பிரசுரித்தால், அதுவே பெரிய தொண்டாகும்.

சட்டம் வரும்வரை வியாபாரி காத்திருக்கவேண்டுவதில்லை. மாதத்தின் கடைசி நாளில் கணக்கு முழுவதையும் இறக்கித் தமது சொந்தச் சேமிப்புக் கருவியில் பிரதி வைத்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். அறைப் பதிவுகளைத் திருவிழாவுக்கு முன்னதாக ஒரு காகிதத்தில் அச்சிட்டு வைப்பது கால் மணி நேரக் காரியம். பிரதி எடுக்கும் வசதியையே தராத மென்பொருளை, எவ்வளவு அழகாயிருப்பினும், எவ்வளவு மலிவாயிருப்பினும், அன்றே விட்டுவிடலாம். அரசியல் ஊழியர்கள் தங்கள் ஊர்க் கடைவீதியில் பத்துக் கடைகளுக்குச் சென்று, ‘உங்கள் கணக்கின் பிரதி உங்களிடம் இருக்கிறதா?’ என்று கேட்டுப் பார்க்கட்டும். ஸ்வதேசியம் இன்று எவ்வளவு தூரம் சொல்லாகவும் எவ்வளவு தூரம் செயலாகவும் இருக்கிறதென்பது அப்பத்துக் கடைகளில் தெரிந்துபோகும்.

சிதம்பரம் பிள்ளையின் காலத்தில் கப்பல் வாங்கப் பங்கு கேட்டு வீடுவீடாகச் செல்ல வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான ரூபாய் வேண்டியிருந்தது. அதற்கும் மேலாகச் சிறை செல்ல வேண்டியிருந்தது. இன்று நமது விடுதிக்காரரும் கடைக்காரரும் தங்கள் கணக்கைத் தங்கள் ஸ்வாதீனத்தில் வைத்துக்கொள்ள அவ்வளவு தியாகம் வேண்டியதில்லை. கப்பல் வாடகைக்கு இருக்கட்டும். சரக்கு நம்முடையதாயிருக்கவேண்டும், எந்தத் துறைமுகத்திலும் அதை இறக்கிக்கொள்ளும் உரிமையும் நம்முடையதாயிருக்கவேண்டும். அவ்வுரிமையைச் சட்டசபையில் நமது பிரதிநிதிகள் கேட்கும்படி செய்வது வாசகர்களின் பொறுப்பு.